கண்ணாடி மீன்குஞ்சு

வெள்ளிக்கிழமைப் பிற்பகல். கலிஃபோர்னியப் பள்ளத்தாக்கின் ஏப்ரல் வெயில் பல்கலைக்கழக ஆய்வகத்து மீன்தொட்டிகளைக் கடந்து, இளம்பச்சையாக மேசைமேல் அசைகிறது. ஒஃபெலியா நுண்ணோக்கியின் மேல் குனிந்திருக்கிறாள். பூண்டு ஆலையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, நாற்பதாவது வயதில் ஊரிலுள்ள இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்தவள். ஆராய்ச்சி பழகட்டும் என்று அந்தக் கல்லூரி வாரம் ஒருநாள் அவளை இங்கே அனுப்புகிறது. வில்லையின் கீழே மூன்று நாள் மீன்குஞ்சு ஒன்று கண்ணாடிபோலக் கிடக்கிறது. அதன் இதயத் துடிப்பை அவள் உதடசைத்து எண்ணுகிறாள். மேசையில் கைபேசி அதிர்கிறது.

“அக்கா, பல்கலைக்கழகத்துலேருந்து மெயில்!” என்கிறாள் மாய். ஒஃபெலியாவுக்கு வழிகாட்டும் ஆய்வு மாணவி, அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். “இங்கேயே படிக்க இடம் குடுத்துட்டாங்களான்னு பாருங்களேன்.”

“இரும்மா, எண்ணிக்கை விட்டுப்போயிடும். போன வருஷம் மாட்டேன்னவங்கதானே, ஒரு நிமிஷம் காத்திருக்கட்டும்.”

நூற்று முப்பத்திரண்டு. அதைக் குறிப்பேட்டில் எழுதியபிறகே கைபேசியைத் திறக்கிறாள். தொட்டிகளில் காற்றுக்குமிழிகள் ஏறும் ஓசை மட்டும் கேட்கிறது. படித்ததையே மறுபடி படிக்கிறாள்.

“நேரா மூணாம் வருஷத்துல சேர்த்துக்கிட்டாங்க, மாய்,” என்கிறாள், தூக்கத்தில் பேசுவதுபோல.

மாய் அருகில் வருகிறாள். ஒஃபெலியாவின் வெள்ளைக் கோட்டில், வாசல் காவலர் வாராவாரம் ஒட்டிவிடும் ‘பார்வையாளர்’ சீட்டின் ஓரத்தை நகத்தால் நிமிண்டி, மெல்ல உரித்தெடுக்கிறாள்.