ஐந்தாவது ஜன்னல்

நிலையத்துக்குள் பஸ் திரும்பும்போதே அர்ஜுனன் தோளிலிருந்த துண்டை உருவிக் கையில் வைத்துக்கொண்டான்.

அது கடைசி சீட்டுக்குத்தான் பறக்கும் என்று கலைவாணிக்குத் தெரியும்.

படகிலேயே வளர்ந்த புருஷன் வேறு எப்படி யோசிப்பான்? இஞ்சின் படகில் முன்பக்கம்தான் தூக்கித் தூக்கிப் போடும். பின்னால் இஞ்சினை ஒட்டி உட்கார்ந்தால் அலுங்காமல் போகலாம். தோணிரேவில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது படகேறினால் எல்லோரும் நகர்ந்து பின்னால்தான் இடம் விடுவார்கள்.

பஸ் அதற்கு நேர்மாறு. மூன்று வருஷம் பொன்னேரிக் கல்லூரிக்குப் போய்வந்தவளுக்கு அது தெரியாதா? கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு முறை எழுந்து உட்காருவார்கள்.

அவளுக்கு இது ஐந்தாம் மாதம். பொன்னேரி கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலிடம் டைப்பிங் வேலை. வாந்தியும் மயக்கமுமாக லீவில் கிடந்துவிட்டு இன்றுதான் திரும்பப் போகிறாள்.

நடு மாதங்கள்தான் நல்ல மாதங்கள், தாராளமாகப் போய்வா என்று நர்ஸம்மாவே சொல்லிவிட்டார். குலுக்கல் இல்லாத இடமாகப் பார்த்து உட்காரணும், தண்ணீர் குடிக்கணும், மூத்திரத்தை அடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை, ஒரு பாட்டில் தண்ணீர். அவள் தயார்.

மாமியார்தான் ஒப்பவில்லை. நேற்று காலையிலிருந்து வீட்டில் ஒரு எவர்சில்வர் சொம்பைக் காணோம். மசக்கை மறதியில் எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டாள், இந்த லட்சணத்தில் வேலைக்கு வேறு போகிறாளாம் என்று பொழுது சாய்கிற வரை விடவில்லை.

அர்ஜுனன் பிடிகொடுக்கவில்லை. ஒரு நாள் கூட வருகிறேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். அவன் சரி என்றால் மாமியார் வாயைத் திறக்க மாட்டாள். வேண்டாம் என்றால் வேலை அத்தோடு போயிற்று.

நேற்று அவனும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். இஞ்சின் சாமான் வாங்கப் பொன்னேரிக்குப் போனவன், லுங்கி நனைய வெறுங்கையோடு வந்தான். மீன்பிடிக்கிறவன் லுங்கி ஏன் நனைந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

பஸ் நின்றது. துண்டு பறந்தது.

டிரைவர் பக்கம், ஐந்தாவது ஜன்னல்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நட்ட நடுவில், வெயில் படாத பக்கம். அவளே தேடியிருந்தாலும் அதைத்தான் பிடித்திருப்பாள். மூன்று நாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த வாதமெல்லாம் வீணானதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு தலையணையைச் சொருகி உட்கார்ந்தாள். பக்கத்தில் அவன்.

திருப்பாலைவனம் வருவதற்குள் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை.

அவன் "ம்" என்றான். ஏனென்று தெரியாமலே முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தாள். வேகத்தடை வந்து போனது. வயிறு அசையவில்லை.

கொஞ்ச தூரத்தில் இன்னொரு "ம்". இன்னொரு வேகத்தடை.

அலை வருவதை முன்கூட்டியே பார்க்கிற கண்ணல்லவா என்று முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மெதூர் தாண்டியபோதுதான் கவனித்தாள். அவன் ரோட்டையே பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, முன்னால் அத்தனை முதுகுகள். தன் விரல்களைத்தான் ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தான்.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அர்ஜுனனைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, தன் சீட்டுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்துவரத் திரும்பிப் போனார்.

கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார். எவர்சில்வர் சொம்பு. கழுத்தில் மாமியார் பெயர் வெட்டியிருந்தது.

"இன்னாபா, நேத்து நாலு நடை தண்ணி ரொப்பிக்கினு வந்த. கடைசில சொம்பையே வுட்டுட்டுப் பூட்ட."

அதோடு விட்டாரா? பக்கத்தில் நின்றவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார். முதல் நடை இந்த ஆள் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாராம். மடியில் சொம்பு, கழுத்து மட்டும் தண்ணீர். திருப்பாலைவனத்திலேயே பாதித் தண்ணீர் லுங்கியில். அடுத்த நடை டிரைவருக்குப் பின்னால். அதற்கடுத்த நடை முன் சக்கரத்து மேலே. ஒரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அடுத்ததற்கும் நடுவே விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாராம். நாலாவது நடை இதே ஜன்னலில், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லையாம்; ஏதோ தண்ணீர் வேண்டுதல் என்றே நினைத்தாராம்.

அர்ஜுனன் அவளைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

கலைவாணிக்கு அவன்மேல் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேற்றெல்லாம் மறதிக்காரிப் பட்டம் வாங்கியிருக்க வேண்டாம். அப்புறம் காலையில் கொடியில் கிடந்த லுங்கி ஞாபகம் வந்தது. அதில் ஓர் உப்புக் கறைகூட இல்லை. அவள்தான் மடித்து வைத்தாள், அப்போதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. சொம்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பொன்னேரி வந்தது. அவள் நிதானமாக இறங்கும்வரை பின்னால் கையை விரித்துக் கூட்டத்தைத் தடுத்து நின்றான். இறங்கியதும் துண்டை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தான்.

"நாளிக்கு நா தொழிலுக்குப் போவணும். துண்டு நீதான் போடணும்."