அகலமான படம்

ஹாலின் நாலு சுவரும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து, ஒரு ஸ்டுடியோவுக்கு அனுப்பி வேலை கேட்டிருந்தான் கணவன். பதிலுக்காக மூன்று நாளாகக் காத்திருந்தான்.

“இவ்வளவு அகலமா எடுக்குற லென்ஸ் ஏதுங்க?” என்றாள் மனைவி.

“மலிவா அமைஞ்சுது. வேலை கிடைக்கட்டும், சொல்றேன்.”

“எங்கிட்டயே மறைக்கிறீங்களா? சரியான கல்லுளிமங்கன்!”

வாசலில் யாரோ தட்டினார்கள். யாரென்று பார்க்க, வழக்கம்போலக் கதவிலிருந்த சிறு துளையில் கண்ணை வைத்தவள் அலறிப் பின்வாங்கினாள். அங்கிருந்த வட்டக் கண்ணாடியைக் காணோம். வெறும் ஓட்டை. அதற்கு வெளியே ஒரு கண்!

“பயப்படாதேம்மா, நான் ஸ்டுடியோ முதலாளி. லென்ஸ் எங்க வாங்கினார்னு கேக்கத்தான் வந்தேன். இப்ப கேக்கவே வேண்டாம். நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லு. எங்க கதவுல மட்டும் கை வைக்க வேணாம்னு சொல்லிடு!”