கார்டு ஃபுல்

"மறுபடியும் கார்டு ஃபுல்லா?" நெடுமாறன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஒரு நிமிஷம்ணா. போன வாரம் நான் எடுத்ததுல ரெண்ட அழிச்சிட்டு வந்துடறேன்," என்றாள் அமலா.

ராஜகிரிக் கோட்டையின் அடிவாரத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செஞ்சியின் ஞாயிற்றுக்கிழமைப் புகைப்படக் குழு மொத்தமும் அவளுக்காகக் காத்து நின்றது. புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் கூடிப் பழகும் குழு. வாத்தியார் நெடுமாறன். பேட்டரி, லென்ஸ், ஃபில்டர், ட்ரைபாட் என்று எதைக் கேட்டாலும் சொல்லுவான். தப்பாக ஒரு வார்த்தை அவன் வாயில் வராது. அடுத்தவர் வாயில் வந்தால் விடவும் மாட்டான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் இலையை விட்டு எழுந்துபோய்த் திருத்திவிட்டு வருவான்.

அமலா அவலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருபவள். கையில் பழைய கேமரா, அதில் பழைய சின்ன கார்டு. திரையில் எதையோ பார்ப்பாள், இரண்டடி நகர்வாள், மறுபடி பார்ப்பாள். அவள் ஒரு படம் எடுப்பதற்குள் மற்றவர்கள் மலையேறி இறங்கிவிடலாம்.

"புதுக் கார்டு வாங்கறதுக்கு இன்னா? இவ்ளோ கஞ்சத்தனமா?" பின்னாலிருந்து ஒரு குரல் முணுமுணுத்தது.

அது அமலாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். "நான் போய் எல்லாருக்கும் டிக்கெட் வாங்கியாரேன். குரங்கு புடுங்கிடும், இத வெச்சிருங்கண்ணா," என்று கேமராவை நெடுமாறனிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

வாத்தியாருக்குக் கை அரித்தது. மெனுவைத் திறந்தான். ஃபார்மட். ஓகே.

அவள் திரும்பியதும் சிரித்துக்கொண்டே நீட்டினான். "உன் தலைவலிய தீத்துட்டேன். கார்டு சுத்தமா காலி. இதப் போய் ஒண்ணு ஒண்ணா அழிச்சிக்கினு இருந்தியே!"

அமலா திரையைப் பார்த்தாள். 'படங்கள் இல்லை' என்றது. டிக்கெட்டைக் கொடுக்க மறந்து அப்படியே நின்றாள்.

"ஏன், வேணுங்கறது ஏதாச்சும் இருந்துச்சா?" நெடுமாறனின் சிரிப்பு லேசாகக் குறைந்தது.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

"இல்லண்ணா. சும்மா கண்டதும் கழியதும்தான்."

"அப்ப இன்னிக்கு கை வலிக்கற வரைக்கும் எடு!"

அவள் எடுத்தாள். குரங்குகள், கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால், மதில்மேல் நின்று நீளநீளமாக வீடியோ. "என்னையும் எடு," என்று புது லென்ஸோடு நெடுமாறன் போஸ் கொடுத்தான். அவனை எடுத்துக்கொண்டே இருந்தாள். கார்டு மறுபடி ஃபுல்.

"இதாம்மா போட்டோகிராபி!" வாத்தியாருக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த ஞாயிறு அமலா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "கஞ்சப் பிசினாரி, பஸ் சார்ஜுக்கே யோசிக்குது போல," என்று யாரோ கிண்டல் செய்யவும், அவளுடைய தோழி வெண்மதிக்குப் பொறுக்கவில்லை.

"அது அவங்க நைனாவோட கேமரா. மளிகைக் கடை வெச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழமையானா கடைய மூடிட்டு இந்தக் கோட்டைக்கு வந்துடுவாரு. போன வருஷம் தவறிட்டாரு. அவரு கடைசியா எடுத்ததெல்லாம் அந்தக் கார்டுலதான் இருந்துது. அவரு நின்ன எடத்துலயே நின்னு அதே படத்த எடுக்கணும்னுதான் அவ இங்க கத்துக்க வந்தா."

நெடுமாறன் அவள் பக்கம் திரும்பினான். "வேற எங்கியும் காப்பி பண்ணி வெக்கலியா?"

"வந்த மொத நாளே உங்களத்தான கேட்டா, கார்டுல இருக்கறத எப்டி வேற எடத்துல வெக்கறதுன்னு? அது கடைசிப் பாடம்னு சொல்லிட்டீங்களேண்ணா."

அவன் லேப்டாப்பை எடுத்து வெண்மதியின் கையில் கொடுத்தான். பைக் அவலூர்பேட்டை ரோட்டில் பறந்தது.

"ஃபார்மட் பண்ணதும் படம் அழிஞ்சிடாது வெண்மதி! லிஸ்ட் மட்டுந்தான் போவும், படம் உள்ளயே கெடக்கும். மேல புதுசா எடுத்தாதான் பழசு அழியும்..." என்று காற்றில் கத்திக்கொண்டு வந்தவன் பேச்சைச் சட்டென்று நிறுத்தினான். அன்று 'எடு, எடு' என்றது யார்?

வீட்டில் அமலா, கேட்டதும் கார்டை எடுத்துக் கொடுத்தாள். லேப்டாப் அதில் அழிந்த படங்களைத் துழாவ ஆரம்பித்தது. மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குரங்கு. குரங்கு. கல்யாண மகால். புது லென்ஸோடு நெடுமாறன். சிரிக்கும் நெடுமாறன். மறுபடி நெடுமாறன். கடைசிவரை வேறு எதுவும் வரவில்லை.

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?" என்று கேட்டான் நெடுமாறன்.

"நல்லது பண்ணிட்டோம்னு எவ்ளோ சந்தோஷமா நின்னீங்க! அத்தினி பேரு எதிர்ல உங்க முகம் வாடிடுமேன்னு, ஒண்ணுமே ஆவாத மாதிரி எடுத்துக்கினே இருந்தேன்."

அமலா விரல் நகத்தைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? நான் அன்னிக்கு அவ்ளோ எடுக்காம இருந்திருந்தா, நைனா எடுத்த படம் கெடச்சிருக்குமா?"

வெண்மதி சட்டென்று நெடுமாறனைப் பார்த்தாள்.

அவன் லேப்டாப்பை மூடினான்.

"இல்லம்மா. ஃபார்மட் அழுத்துனப்பவே எல்லாம் போயிடுச்சு. அழிச்சது நான்தான். நீ எடுத்ததால ஒண்ணும் ஆவல."

"நல்லவேளைண்ணா..." அமலா நீளமாக மூச்சு விட்டாள். "நானே அழிச்சிட்டேனோன்னு பயந்துக்கினே இருந்தேன்."

கேமராவைப் பற்றி நெடுமாறன் தப்பாகச் சொல்லித் தந்தது அதுதான் முதல் தடவை. வெண்மதி அதைத் திருத்தவில்லை.