மருமகன் கேட்ட மெஷின்

"அந்தக் கட்டிங் மெஷினை எனக்குக் கொடுத்துடுங்க மாமா."

எர்போல் இப்படிக் கேட்டதும் ரௌஷான் அக்கா டீ ஜாடியை டங்கென்று மேஜையில் வைத்தாள்.

எனக்கும் பத்திக்கொண்டு வந்தது. நான் மேல் வீட்டுக்காரன். என் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டில் ஜன்னல் வெட்டிக் கண்ணாடி வைக்க, அக்காவின் கணவர் கைரொல்லா அண்ணனிடம் கொடுத்திருந்தேன். எங்கள் கராகண்டா நகரில் அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. அவருக்கும் அதை விட்டால் உலகம் கிடையாது.

"முதல்ல ட்ரில்லிங் மெஷின். அப்புறம் ஜிக்சா ரம்பம். இப்ப இதுவுமாடா?" என்றார் அண்ணன்.

"மருமகன் மூணு தடவை கேக்கலாமே மாமா. இது மூணாவது."

கேட்கலாம்தான். எங்கள் கசாக் வழக்கத்தில், கூடப்பிறந்தவள் பெற்ற பிள்ளை வந்து கேட்டால் தாய்மாமன் இல்லையென்று சொல்லக் கூடாது. அந்தக் காலத்தில் குதிரை கேட்பார்கள். மாமன் பிழைப்பிலேயே மண் அள்ளிப்போட வந்தவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

மேஜைமேல் என் தகடு கிடந்தது. வெட்டுவதற்கு அண்ணன் போட்ட கோடு நெளிந்து நெளிந்து ஓடியது. "மார்க்கர் சரியில்லை" என்று சற்று முன்தான் அதைத் தூக்கி எறிந்திருந்தார். கட்டைவிரலில் ஒரு கட்டு. கேட்டால், தகரம் கிழித்துவிட்டது என்பார்.

"டேய், நல்லாப் பார்த்து எடு" என்று அண்ணன் இறங்கி வந்தார். "பாலிஷ் போடுற மெஷின் இருக்கு, இன்னும் பிரிக்கக்கூட இல்லை. பெயின்ட் அடிக்கிற ஸ்பிரே கன் இருக்கு. ரெண்டையுமே எடுத்துக்கோ. இதை மட்டும் விட்டுடு. தகடு வெட்ட இது ஒண்ணுதான்டா மிச்சம்."

"அதனாலதான் மாமா கேக்குறேன். இதுதான் வேணும்."

"அட்டைப்பூச்சி!" ரௌஷான் அக்கா வெடித்தாள். "வந்தப்பல்லாம் பவுர்சாக் பணியாரம் சுட்டுப் போட்டேனே, என் கையைச் சொல்லணும்! திங்கிற வாய்க்கு வெக்கம் வேணாம்?"

சொல்லிக்கொண்டே கணவருக்கு டீ ஊற்றினாள். அவருக்கு மட்டும் எப்போதும் கிண்ணத்தின் அடியில் ஒரே ஒரு மடக்கு. அதற்கென்ன கஞ்சத்தனமோ!

"உனக்கு ஒழுங்கா ஒரு ஆணி அடிக்கத் தெரியுமாடா? இதை வச்சு என்ன பண்ணுவே?" என்று அண்ணன் எழுந்தார்.

"வித்துடுவேன்."

பளார் என்று அண்ணன் ஓர் அறை விட்டார்.

மருமகனை அடித்த கை நடுங்கும் என்பது எங்கள் ஊர்ச் சொல். தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

எர்போல் மெஷினில் வயரைச் சுற்றினான். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"நில்லுடா! நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்!" ரௌஷான் அக்கா பின்னாலேயே ஓடினாள்.

நானும் எழுந்தேன். என் பங்குக்கு நாலு வார்த்தை தயாராக இருந்தது.

மாடிப்படித் திருப்பத்தில் அக்கா அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாடா கண்ணு?"

"விடுங்க அத்தை. வெட்டுற மெஷின் வேற எதுவும் இல்லையே?"

"இதுதான் கடைசி. போன மாசம் அவர் விரல் தப்பினதே பெரிசு. நடுக்க நோய், இனி கூடிக்கிட்டேதான் போகும்னு டாக்டர் என்கிட்ட சொல்லிட்டார். அவர்கிட்ட அதை நான் எந்த வாயால சொல்லுவேன்? ஒளிச்சு வச்சா வீட்டையே ரெண்டாக்கிடுவார். நீ கேட்டாத்தான் அவரால மறுக்க முடியாது. என் பேச்சைக் கேட்டு நீ திருடன்னு பேர் வாங்கிட்டியேடா..."

கொண்டுவந்த நாலு வார்த்தையோடு நான் இரண்டு படி பின்வாங்கினேன்.

மேலே கதவு திறந்தது.

"ரௌஷான்!" அண்ணன் குரல் உடைந்திருந்தது. "இங்க வந்து பாரேன். கை நடுங்குது... நிக்கவே மாட்டேங்குது. அவனை அடிச்சேனே, அதனாலயா?"

இத்தனை நாளும் மார்க்கரையும் தகரத்தையும் திட்டிய மனிதர் இன்றுதான் கையைப் பற்றிச் சொல்கிறார்.

அக்கா எர்போலைப் பார்த்தாள். "ஆமான்னு சொல்லுங்க" என்பதுபோல் அவன் தலையசைத்தான்.

தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மேலே பார்த்துக் கத்தினாள்:

"பின்னே நடுங்காதா? மருமகனை அடிச்ச கையாச்சே!"