ஒரு கூரைகூட எரியவில்லை

“ஓலைப் பந்தல எப்ப நைனா பிரிப்பீங்கோ?” என்று தாயம்மா மறுபடியும் வந்து நின்றாள்.

ராயபுரம் தெரு க்ஷேம சங்கத்தின் தலைவர் ஜகந்நாதம் எரிந்து விழுந்தார். “தீபாவளி விழாவே இன்னும் முடியல. ஓரமா குந்து!”

குடிசை ஜனங்களுக்கு வேடிக்கை பார்க்கிறதைத் தவிர வேறு வேலையில்லை என்று காரியதரிசியிடம் அலுத்துக்கொண்டே மேடையேறினார்.

“மகாஜனங்களே! தீபாவளியன்று பட்டணத்தில் எங்கெங்கோ தீ விபத்து. நம் தெருவிலோ, இத்தனை குடிசைகள் இருந்தும், ஒரு கூரைகூட எரியவில்லை. எல்லாம் சங்கத்தின் விழிப்பு!”

கைதட்டல் அதிர்ந்தது. காரியதரிசி அவர் கோட்டில் வெள்ளி மெடலைக் குத்தினார்.

குடிசைப் பக்கத்துச் சாட்சியும் இருக்கட்டுமென்று தலைவர் கீழே பார்த்தார். “தாயம்மா, நீயே சொல்லு. உன் வூட்டுக் கூரை பத்திக்கிச்சா?”

தாயம்மா எழுந்தாள்.

“பத்திக்க கூரை எங்க கீது நைனா? ஆடித் திருவிழால நீ வுட்ட வாணம் வுயுந்து எங்க வரிசையே எரிஞ்சி பூட்ச்சே! அன்னிலருந்து கோணிய கட்டிக்கினு நனைஞ்சிகினு கீறோம். மெடலுதான் குத்திக்கினியே, இப்பவாவது பந்தலப் பிரிச்சி அந்த ஓலையக் குடு.”