கவின் நடந்த நாள்

“கைய விடு. விழுந்தா நான் புடிச்சிக்கிறேன்,” என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று கஜேந்திரன் கைகளை நீட்டினான்.

அடுத்த வீட்டுக்குள்ளிருந்து ஷாமிலா கேட்டாள்: “ஒன்றரை வயசாச்சு. கவின் இன்னும் நடக்கலையாண்ணே?”

“அவன் காலையிலேயே நடந்துட்டான். விழுந்து விழுந்து எந்திரிச்சான், அழவே இல்ல.”

“அப்ப யார கைய விடச் சொல்றீங்க?” என்றபடி அவள் வெளியே வந்தாள்.

கஜேந்திரனின் மனைவி ஜீவராணி சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தாள். மண்சரிவில் போன காலுக்குப் பதிலாகப் பொருத்திய செயற்கைக் கால் மெல்லத் தரையில் பதிந்தது.

“இத்தன மாசமா பயந்துகிட்டே இருந்தேன் ஷாமிலா. இவன் எந்திரிச்ச அழகப் பாத்தேன். விழுந்தா நானும் எந்திரிச்சிக்குவேன்.”

கவின் தள்ளாடிக்கொண்டு முன்னால் நடந்தான். அவன் பின்னாலேயே ஜீவராணி போனாள்.