அழிந்தவற்றின் பட்டியல்

என்டர் விசையைத் தட்டிய பிறகுதான் முனீரா கவனித்தாள். தட்டியது இடப்பக்க ஜன்னலில்.

திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருந்தன. வலப்பக்கம், அவள் அழிக்க நினைத்த சோதனைக் கோப்புகள். இடப்பக்கம் நிஜமானவை.

‘4,212 கோப்புகள் அழிக்கப்பட்டன’ என்று ஒரு வரி வந்து நின்றது.

மதியம் 1:18.

டன்லப் ஸ்ட்ரீட்டில், ஒரு சிம் கார்டு கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த சிறிய நிறுவனம். கட்டுமானத் தளங்களின் கேமரா பதிவுகளைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் அதன் தொழில்.

அழிந்தவை அத்தனையும் ஒரே தளத்தின் பதிவுகள். சென்ற செவ்வாய்க்கிழமை முத்துசாமி என்ற தொழிலாளி அங்கே சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். இன்னும் கண் திறக்கவில்லை. பாதுகாப்புப் பட்டையை அவரே கழற்றிவிட்டார் என்றது அந்த நிறுவனத்தின் முக்கிய வாடிக்கையாளரான கட்டுமானக் கம்பெனி. பதிவுகளைக் கேட்டுத் திங்கள்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள்.

அழித்தது யார் என்று கேட்டால் அவள் பெயர்தான் வரும்.

எழுந்துபோய் முதலாளி அசோக்கின் கண்ணாடிக் கதவைத் தட்டினாள். நடந்ததை அப்படியே சொன்னாள்.

அசோக் திட்டவில்லை. அவள் பாலிடெக்னிக் முடித்துவந்து சேர்ந்த இந்த ஆறு வருடங்களில் ஒருமுறைகூடத் திட்டியதில்லை.

“தப்பு யாருக்கும் நடக்கும்லா. அதிகாரிங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நீ இனிமே எதையும் தொடாதே முனீரா. போனது போகட்டும்.”

அவளுக்குக் கண்ணீர் முட்டியது. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தொடாமல் இருக்கத்தான் முடியவில்லை.

ஒவ்வொரு பதிவும் துண்டு துண்டாக ஒன்பது இயந்திரங்களில் பரவிக் கிடந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதிகள். ஓர் இயந்திரம் எரிந்துபோனாலும் பதிவு பிழைத்துக்கொள்ளும். கை தவறினால் பிழைக்காது. கட்டளை மூன்று பிரதிகளுக்கும் சேர்த்தே போகும். தனியாக இன்னொரு காப்பு வேண்டும் என்று போன வருடமே அவள் எழுதிக் கேட்டிருந்தாள். பதில் வரவில்லை.

ஒரு வழி மிச்சமிருந்தது.

அழிக்கச் சொன்னதும் முதலில் போவது பெயர்ப் பட்டியல் மட்டும்தான். துண்டுகள் அப்படியே கிடக்கும். மணிக்கொரு முறை, சரியாக அரை மணிக்கு, துப்புரவு நிரல் எழுந்து பெயரில்லாத துண்டுகளைத் துடைத்துவிடும். கடைசியாக 12:30க்கு ஓடியிருந்தது. அடுத்தது 1:30.

அதற்குள் அதை நிறுத்திவிட்டால், காலை ஆறு மணிக்கு எடுத்துவைத்த பெயர்ப் பட்டியலைக் கொண்டு எல்லாவற்றையும் மீட்டுவிடலாம்.

நிறுத்தச் சொல்லிக் கட்டளை அனுப்பினாள். பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள். துப்புரவைத் தொடங்கிவைப்பது ஏழாவது இயந்திரம். அது அவளை உள்ளேயே விடவில்லை.

அது நகரத்தின் மறுகோடியில், கிராஞ்சியில் ஒரு கட்டடத்தில் இருந்தது. அங்கே பொறுப்பில் இருக்கும் இர்ஃபானை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகையில் நிற்பான்.

1:24.

அதே கட்டடத்தின் வரவேற்பு மேசையில் இருக்கும் கமலத்தை அழைத்தாள்.

“அக்கா, மெஷின் ரூமுக்குப் போங்க. ஏழுன்னு ஒட்டியிருக்கும். அதுக்குப் பின்னால நீலக் கேபிள், அதைப் பிடுங்கிடுங்க.”

“அங்க எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா.”

“யாராச்சும் கேட்டா முனீராதான் பிடுங்கச் சொன்னான்னு சொல்லுங்கக்கா.”

சாவிக்கொத்தின் சத்தம். ஒரு கதவு. பிறகு விசிறிகளின் இரைச்சல்.

1:28.

“இங்க ரெண்டு நீலம் இருக்கே.”

“ரெண்டையும் பிடுங்குங்க.”

திரையில் ஏழாவது இயந்திரத்தின் பச்சைப் புள்ளி சிவப்பாகியது. மணி 1:29.

1:30 வந்தது. 1:31 வந்தது. எந்தத் துண்டும் அசையவில்லை.

அதன் பிறகுதான் அவள் மூச்சை விட்டாள். காலைப் பட்டியலை ஏற்றினாள். பெயர்கள் ஒவ்வொரு வரியாகத் திரும்பி வந்தன. இருபது நிமிடம் ஆனது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எண்ணிக்கையைப் பார்த்தாள்.

4,213.

ஒன்று அதிகம்.

அவள் கை தவறுவதற்கு முன்பே யாரோ ஒன்றை அழித்திருக்க வேண்டும். 12:30 துப்புரவுக்குப் பிறகு அழித்ததால் அதன் துண்டுகளும் தப்பியிருந்தன. காலைப் பட்டியலையும் தன் கட்டளை அழித்தவற்றின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அந்தக் கோப்பின் பெயர் தனியாக நின்றது.

திறந்தாள். செவ்வாய்க்கிழமை, காலை 10:40. சாரத்தின் ஐந்தாம் தட்டில் முத்துசாமி. பட்டையின் கொக்கி அவர் கையில் இருந்தது. இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். தலைக்கு மேலே கையை விட்டுத் துழாவினார்.

மாட்டுவதற்கு அங்கே கயிறே இல்லை.

அவர் அடுத்த அடி எடுத்து வைக்கும் முன் முனீரா படத்தை நிறுத்தினாள்.

யார் எதை அழித்தார்கள் என்று காட்டும் பதிவேட்டைத் திறந்தாள். 12:52. பக்கத்தில் ஒரு பெயர். இரண்டு முறை படித்தாள்.

பிறகு அந்தக் கோப்புக்குப் பூட்டுப் போட்டாள். ஒரு வருடத்துக்கு யாராலும் அழிக்க முடியாத பூட்டு. போட்டவளே நினைத்தாலும் எடுக்க முடியாது. உறுதிதானா என்று திரை கேட்டது. தட்டினாள்.

அசோக் கீழே தேநீர்க் கடைக்குப் போய் அவளுக்காக ஒரு தே வாங்கி வந்திருந்தார். மேசையில் வைத்தார்.

“முதல்ல இதைக் குடி. முகமே வெளிறிப்போச்சு. ஏதாச்சும் கிடைச்சுதா?”

“எல்லாமே கிடைச்சிருச்சு அண்ணே,” என்றாள். “நீங்க அழிச்சதும் சேர்த்து.”